ஓடினால் மனசு ஏன் லேசாகிறது?

லஸ் கார்னரில் 29சி கிளம்பிவிட்டது. பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறீர்கள். ஏறிக் கம்பியைப் பிடித்து நிற்கும்போது மூச்சு வாங்குகிறது, சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, கண்டக்டர் சில்லறை கேட்டால்கூட எரிச்சல் வருகிறது. இன்னொரு நாள் விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடுகிறீர்கள். அங்கேயும் அதே மூச்சிரைப்பு, அதே வியர்வை. தூரம் மட்டும் பல மடங்கு. ஆனால் ஓடி முடித்துக் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் அருகே நிற்கும்போது மனசு லேசாக இருக்கிறது. முந்தின நாள் ஆபீசில் நடந்த தகராறு சின்னதாகத் தெரிகிறது. வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் சிரித்துப் பேச முடிகிறது.

உடம்பு களைத்தால் மனசும் களைக்கத்தானே வேண்டும்? பஸ்ஸைத் துரத்தி ஓடியதற்கும் கடற்கரையில் ஓடியதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

இந்தப் புதிருக்கு ஒற்றை விடை கிடையாது. ஓட்டம் மனதுக்குச் செய்யும் நன்மை மூன்று வேகங்களில் நடக்கிறது. ஒரு பகுதி சில நிமிடங்களில், ஒரு பகுதி சில வாரங்களில், இன்னொரு பகுதி பல மாதங்களில். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஆசையாக ஷூ வாங்கிய பலர் பத்தாம் நாளே அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிமிடங்களில் நடப்பது

ஓடினால் ஏன் மனசு உற்சாகமாகிறது என்று யாரைக் கேட்டாலும் 'எண்டார்பின்' என்பார்கள். உடம்பே சுரக்கும் வலிநிவாரணி அது. மார்ஃபினைப் போல வேலை செய்யும். ஓடும்போது ரத்தத்தில் அதன் அளவு கூடுவது உண்மை. ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்லாப் பொருட்களையும் மூளை உள்ளே விடுவதில்லை. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்கள் மிக நெருக்கமாகப் பின்னப்பட்டவை. இந்த அமைப்புக்கு ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர். எண்டார்பின் பெரிய மூலக்கூறு. இந்தத் தடுப்பை எளிதில் தாண்டாது. ரத்தத்தில் அது கூடியது என்பதற்காக மூளையும் அதை உணர்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

2008ல் ஜெர்மனியில் 10 ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவைத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம்பிடித்தார்கள். மூளைக்கு உள்ளேயே இந்த வகை வேதிப்பொருட்கள் வேலை செய்வதற்கான அறிகுறி தெரிந்தது. எண்டார்பின் கட்சிக்கு வெற்றி என்று பலரும் நினைத்தார்கள்.

அடுத்து வந்த சோதனை இன்னும் கூர்மையானது. எண்டார்பின் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களை நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரையால் அடைத்துவிடலாம். உற்சாகத்துக்குக் காரணம் எண்டார்பின்தான் என்றால், மாத்திரை போட்டவருக்கு ஓடியபின் எந்தக் குதூகலமும் வரக்கூடாது. 2021ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில் 63 பேர் பங்கெடுத்தார்கள். சிலருக்கு அந்த மாத்திரை, சிலருக்கு வெறும் போலி மாத்திரை. எல்லோரும் 45 நிமிடம் ஓடினார்கள். மாத்திரை போட்டவர்களுக்கும் மனசு லேசாயிற்று, பதற்றமும் குறைந்தது. எண்டார்பின் வழி அடைபட்டும் பலன் வந்துவிட்டது.

அப்படியானால் வேறு எது? இன்று ஆய்வாளர்களின் பார்வை எண்டோகன்னபினாய்டுகள் என்ற குழுவின் மேல் இருக்கிறது. கஞ்சா மூளையில் எப்படி வேலை செய்கிறது என்று தேடிப்போனபோது, அதே பூட்டுகளைத் திறக்கும் சாவிகளை நம் உடம்பே தயாரிப்பது தெரியவந்தது. அவற்றில் ஒன்றுக்கு ஆனந்தமைடு என்று பெயர், 1992ல் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தப் பொருட்கள் கொழுப்பில் கரைபவை. அதனால் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டிவிடுகின்றன. போதை தரும் அளவுக்குச் சுரப்பதில்லை. பதற்றத்தைத் தணிக்கவும் வலியை மங்கவைக்கவும் போதுமான அளவு சுரக்கின்றன.

பஸ் புதிரின் விடையும் இங்கேதான் தொடங்குகிறது. ஓட்டக்காரர்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், மிதமான வேகத்தில் நிறுத்தாமல் ஓடியபோதுதான் எண்டோகன்னபினாய்டு அளவு நன்றாக ஏறியது. மெல்ல நடந்தபோதும் ஏறவில்லை; உயிரைக் கொடுத்து ஓடியபோதும் அப்படி ஏறவில்லை. பஸ்ஸைத் துரத்துவது ஒரு நிமிடத்து உச்ச வேகம். அதற்குள் உடம்பு அட்ரினலினைத்தான் கொட்டும். போதாக்குறைக்கு அந்த ஓட்டம் உங்கள் கையில் இல்லை. டிரைவரின் கையில் இருக்கிறது. கடற்கரையில் வேகத்தை முடிவு செய்வது நீங்கள்.

பதற்றத்தைப் பழக்குவது

இரண்டாவது நன்மைக்குச் சில வாரம் பிடிக்கும். இதில் வேதிப்பொருளைவிடப் பழக்கத்துக்குப் பங்கு அதிகம்.

திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. 'ஐயோ, ஹார்ட் அட்டாக்கா?' என்று பயம் வருகிறது. அந்தப் பயமே படபடப்பைக் கூட்டுகிறது. கூடிய படபடப்பு பயத்தை இன்னும் வளர்க்கிறது. பதற்ற நோய் உள்ள பலர் இந்தச் சுழலில்தான் சிக்கித் தவிக்கிறார்கள். உடம்பின் அறிகுறிகளைக் கண்டே பயப்படும் இந்தக் குணத்தை மருத்துவர்கள் பதற்ற உணர்திறன் என்கிறார்கள்.

ஓடும்போது இதே அறிகுறிகள் எல்லாம் வருகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சிரைக்கிறது, வியர்வை கொட்டுகிறது. ஆனால் காரணம் தெரிந்திருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் அடங்குகிறது. வாரத்துக்கு மூன்று முறை இது நடக்கும்போது, படபடப்பு வந்தால் ஆபத்து என்ற பாடத்தை மூளை மெல்ல மறக்கிறது. வந்தாலும் போய்விடும் என்ற புதுப் பாடம் அதன் இடத்தில் உட்காருகிறது. இந்தக் குணம் மிகுந்தவர்களை டிரெட்மில்லில் 20 நிமிட வீதம் ஆறு முறை பயிற்சி செய்யவைத்த ஓர் அமெரிக்க ஆய்வில், மெல்ல நடந்தவர்களைவிட வேகமாக ஓடியவர்களுக்கு இந்தப் பயம் சீக்கிரமாகக் குறைந்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நெஞ்சு படபடப்புக்கு உண்மையிலேயே இதய நோய் காரணமாக இருக்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஓடத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

156 பேர், 16 வாரம்

இனி பெரிய கேள்விக்கு வருவோம். ஒரு நாள் மனசு சரியில்லை என்பது வேறு, மனச்சோர்வு நோய் வேறு. டிப்ரெஷன் என்று நாம் சொல்லும் அந்த நோயில் தூக்கம் கெடும், பசி போகும், பிடித்த பாட்டும் பிடிக்காமல் போகும், வாரக்கணக்கில் எதிலும் ஒட்டுதல் இருக்காது. அதையும் ஓட்டம் தொடுமா?

இதற்கு விடை தேடிய ஆய்வுகளில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் நடத்தியது; 1999ல் வெளியானது. மனச்சோர்வு நோய் இருப்பதாக உறுதி செய்யப்பட்ட 156 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் 50 வயது அல்லது அதற்கு மேல். குலுக்கல் முறையில் மூன்று குழுக்கள். 53 பேருக்கு உடற்பயிற்சி மட்டும். 48 பேருக்கு செர்ட்ராலின் என்ற மாத்திரை மட்டும். 55 பேருக்கு இரண்டும்.

உடற்பயிற்சி என்றால் என்ன செய்தார்கள்? வாரம் மூன்று நாள் கூடினார்கள். முதல் பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றுவது, பிறகு முப்பது நிமிடம் வேக நடை அல்லது மென்னோட்டம், கடைசி ஐந்து நிமிடம் உடம்பை ஆறவிடுவது. அவ்வளவுதான். மெரினாவில் வாக்கிங் போகும் யாரும் செய்யக்கூடியது.

16 வாரம் கழித்துப் பார்த்தார்கள். மாத்திரைக் குழுவில் 48 பேரில் 33 பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இரண்டும் செய்தவர்களில் 55க்கு 36. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களில் 53க்கு 32. நூற்றுக்கு இத்தனை என்று மாற்றினால் முறையே ஏறத்தாழ 69, 65, 60. இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்பதால் மூன்று முறைகளும் ஏறக்குறைய சமம் என்று முடிவு செய்தார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது. தொடக்க வாரங்களில் மாத்திரைக் குழுவினருக்குத்தான் பலன் வேகமாகத் தெரிந்தது. உடற்பயிற்சி பின்தங்கி வந்து 16வது வாரத்துக்குள் எட்டிப்பிடித்தது.

அதன் பிறகு ஆறு மாதம் கழித்து, குணமானவர்களை மறுபடியும் சோதித்தார்கள். மாத்திரைக் குழுவில் 38 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. இரண்டும் செய்தவர்களில் 31 சதவீதம். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களில் 8 சதவீதம்தான். பயிற்சி வகுப்பு முடிந்த பிறகும் சொந்தமாக உடற்பயிற்சியைத் தொடர்ந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள்தானே மிக நன்றாக இருந்திருக்க வேண்டும்? ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். மாத்திரையும் சாப்பிட்டவர், குணமானதற்கு மாத்திரைதான் காரணம் என்று நினைத்திருக்கலாம். ஓடி மட்டுமே மீண்டவருக்கு 'இதை நானே செய்தேன்' என்ற நம்பிக்கை வருகிறது. மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்வதே அந்த நம்பிக்கையைத்தான். இது ஊகம்தான், நிரூபணம் இல்லை. ஆனாலும் ஓடுகிறவர்களுக்கு நன்றாகப் புரியும் ஊகம்.

இந்த ஆய்வில் ஒரு குறையும் இருந்தது: போலி மாத்திரைக் குழு இல்லை. காலம் போகப் போகத் தானாகவே சரியானவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. வாரம் மூன்று முறை நாலு பேரோடு கூடியதே மருந்தாகியிருக்கவும் கூடும். அதே குழுவினர் 2007ல் 202 பேரை வைத்து இந்தக் கேள்விகளுக்கும் விடை தேடினார்கள். மாத்திரைக் குழுவில் 47 சதவீதம், மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களில் 45, வீட்டிலேயே தனியாகச் செய்தவர்களில் 40, போலி மாத்திரையில் 31 சதவீதம் பேர் மீண்டார்கள். கூட்டம் கொஞ்சம் உதவுகிறது, காலமும் கொஞ்சம் ஆற்றுகிறது என்று இந்த எண்கள் காட்டுகின்றன. அவற்றைக் கழித்த பிறகும் பயிற்சிக்கென்று ஒரு பங்கு மிஞ்சுகிறது. அந்தப் பங்கு மாயாஜாலம் செய்யும் அளவுக்குப் பெரியதல்ல. ஒதுக்கித் தள்ளும் அளவுக்குச் சிறியதும் அல்ல.

மாதங்களில் மாறும் மூளை

மூன்றாவது நன்மைதான் மிக மெதுவானது. காதுகளுக்கு நேர் உட்புறமாக, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. புது நினைவுகள் உருவாக உதவுவதும், மன அழுத்தத்துக்கு உடம்பு எவ்வளவு பதறலாம் என்று கட்டுப்படுத்துவதில் பங்கெடுப்பதும் அதன் வேலைகள். நீண்டகால மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்தப் பகுதி சுருங்கியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

2011ல் வெளியான ஓர் ஆய்வில், 55 முதல் 80 வயதுள்ள 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வேகமாக நடந்தது. இன்னொன்று கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தது. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது நீட்டி மடக்கிய குழுவினரின் ஹிப்போகாம்பஸ் வயதுக்கேற்ப ஏறத்தாழ 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. நடந்தவர்களுக்கு 2 சதவீதம் வளர்ந்திருந்தது. அந்த வளர்ச்சியோடு சேர்ந்து பி.டி.என்.எஃப். என்ற புரதத்தின் அளவும் கூடியிருந்தது. நரம்புச் செல்கள் உயிரோடு இருக்கவும் புது இணைப்புகளை உருவாக்கவும் உதவும் இதை நரம்பு வளர்ப்புப் புரதம் எனலாம்.

காலின் தசைக்கும் இதில் பங்குண்டு. மன அழுத்தம் நீடிக்கும்போது உடம்பில் கைனுரெனின் என்ற பொருள் கூடுகிறது. அது மூளைக்குள் நுழைந்து கெடுதல் செய்யும். ஓட்டத்தில் பழகிய தசை அதை வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது, மாறிய பொருளால் மூளைக்குள் நுழைய முடியாது என்று 2014ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் எலிகளிடம் காட்டினார்கள். மனிதரிடம் இதன் பங்கு எவ்வளவு என்று தொடர்ந்து ஆராய்கிறார்கள்.

இவை எதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் நடப்பதில்லை. புரதம் கூட வேண்டும், இணைப்புகள் உருவாக வேண்டும், தசை பழக வேண்டும். மாதங்கள் பிடிக்கும்.

நம் ஊருக்கு வந்தால்

சென்னையில் இது யாருக்குத் தேவை? 2009ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில் 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேள்விகள் கேட்டுப் பார்த்ததில் 15.1 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், வசதியானவர்களைவிட ஏழைகளிடம் அதிகம். மறுபக்கம், தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்து 2014ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டோ உடற்பயிற்சியோ செய்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

நல்லவேளையாக, தொடங்குவதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. அமிர்தாஞ்சன் நிறுவனர் நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயரைத் தாங்கிய மயிலாப்பூர் பூங்காவில் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட பாட்டிமார் கைவீசி நடக்கிறார்கள், காதில் பாட்டோடு இளைஞர்கள் அவர்களை ஒதுங்கித் தாண்டி ஓடுகிறார்கள், வாசலில் அருகம்புல் ஜூஸ் விற்பனை நடக்கிறது. தி. நகரில் நடேசன் பூங்கா, பனகல் பூங்கா. அடையாறு பக்கம் எலியட்ஸ் கடற்கரை. 2006ல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் குழு இன்று ஊரின் பல பகுதிகளில் கூடி ஓடுகிறது. 2021ல் சுகாதாரத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் பலத்த காயமடைந்து மீண்ட பிறகு நடுவயதில் ஓடத் தொடங்கி நூறுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடியவர். ஓட்டத்துக்கு வயது தடை என்று நினைப்பவர்களுக்கு அவரைச் சொல்லலாம்.

எல்லோருக்கும் இது ஒரே மாதிரி எளிதல்ல என்பதையும் மறைக்கக்கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பெண் தனியாகத் தெருவில் ஓடுவதற்கு வெளிச்சம் வேண்டும், உடைபடாத நடைபாதை வேண்டும், முறைத்துப் பார்க்காத கண்கள் வேண்டும். சமையலும் பிள்ளைகளின் டிபன் பாக்ஸும் முடித்த பிறகே வெளியே வர முடிகிறவருக்கு அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. மனநலத்துக்கு ஓட்டம் நல்லது என்று நாம் நம்பினால், விளக்குள்ள பூங்காக்களும் நல்ல நடைபாதைகளும் மனநலச் செலவுதான். வீட்டில் காலை வேலையில் பாதியைக் கணவர் எடுத்துக்கொள்வதும் அப்படித்தான்.

சென்னையின் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடம்பு சூடு தணியாது. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். வேகத்துக்கு வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அதுவே சரியான வேகம். பேச முடியாமல் திணறினால் குறையுங்கள்.

மாத்திரையை எடுத்து எறியலாமா?

கூடாது. மனச்சோர்வின் கொடுமையே, எழுந்து செருப்பை மாட்டும் விருப்பத்தைக்கூட அது தின்றுவிடுவதுதான். அந்த நிலையில் இருப்பவரிடம் 'எழுந்து ஓடுப்பா, எல்லாம் சரியாகிடும்' என்பது உதவி அல்ல, இன்னொரு சுமை. நெதர்லாந்தில் 141 நோயாளிகளிடம் மாத்திரையா ஓட்டமா என்று கேட்டு, பெரும்பாலோரை அவரவர் விரும்பியதிலேயே சேர்த்தார்கள். 96 பேர் ஓட்டத்துக்கு வந்தார்கள். 2023ல் வெளியான முடிவில் இரு குழுவிலும் மீண்டவர்கள் ஏறத்தாழ 44 சதவீதம். ஆனால் மாத்திரையைச் சொன்னபடி சாப்பிட்டவர்கள் 82 சதவீதம். ஓட்டத்தைச் சொன்னபடி தொடர்ந்தவர்கள் 52 சதவீதம்தான். நல்ல மருந்து என்பதும் தொடர்வது கடினம் என்பதும் சேர்ந்தே உண்மை.

ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். அவரோடு பேசி, ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓட முடியவில்லையா, நடக்கட்டும். நடக்கவும் மனசில்லையா, வீட்டில் ஒருவர் 'வா, பால் வாங்கிட்டு வரலாம்' என்று தெருமுனைவரை கூட நடக்கட்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அது ஓட்டத்துக்கான நேரம் இல்லை. யாரிடமாவது பேசுவதற்கான நேரம். 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பு அதற்காகவே இருக்கிறது. அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் வாரம் மூன்று நாள், முப்பது நிமிடம், 16 வாரம் என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் பெரும்பாலும் நடையாகவே இருக்கட்டும். இடையிடையே ஒரு நிமிடம் மென்னோட்டம். சில நாள் ஓடி முடித்ததும் மனசு பறக்கும், சில நாள் ஒன்றுமே தோன்றாது. அது நிமிடங்களில் நடக்கும் நன்மை. அது வராத நாளிலும் மற்ற இரண்டும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. எனவே அன்றன்றைய உற்சாகத்தை வைத்து ஓட்டத்தை எடைபோடாதீர்கள். பத்தாவது வாரத்தில் தூக்கம் எப்படி இருக்கிறது, சின்ன விஷயத்துக்கு வரும் கோபம் எப்படி இருக்கிறது, விட்டுப்போன எந்த வேலையை மறுபடி கையில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். உங்களால் பார்க்க முடியாவிட்டால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.